கடைசி மூன்று வளையங்கள்

“நீ முதல்ல வரைஞ்ச வளையம், திருத்தறதுக்கு முந்தி இருந்தது, எங்கயாவது இருக்கா?”

டாக்டர் வசுமதி ஆவுடையிடம் இதைக் கேட்டது மண்டபத்தின் கை கழுவும் இடத்தில் வைத்து. அங்கே வரிசையாகப் பதினான்கு குழாய்கள். மூன்றில்தான் தண்ணீர் வரும். ஆவுடை தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேள்வி கேட்பவர்கள் பதில் வருவதற்குள் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பத்தியை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது அவளுக்குக் குரல் எழும்பவில்லை. வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் பதிலுக்காக யாரும் காத்து நின்றதாக ஞாபகம் இல்லை. இந்த அம்மா நின்றார். தண்ணீர்ச் சத்தம் இடைஞ்சல் என்று குழாயையும் மூடிவிட்டு நின்றார்.

“இருக்கு மேடம்,” என்றாள் ஆவுடை.

அந்த ஒரு சொல்லை அன்று விழுங்கியிருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

ஊத்தாங்குளத்தில் பைபாஸ் ரோட்டோரம் ஏசி மண்டபம் வந்த பிறகு, ஊருக்குள் இருந்த பழைய கல்யாண மண்டபத்தை யாரும் சீண்டவில்லை. வானியல் நிறுவனம் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. பந்தி நடந்த கூடத்தில் நாற்பத்து மூன்று கம்ப்யூட்டர்கள், நாற்பத்து மூன்று பெண்கள். மணமேடையில், இரண்டு ஏசிக்கு நடுவே, பெரிய சர்வர் பெட்டி. முதல் வாரமே அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தவள் சலோமி. ஒன்பதாம் இருக்கை அவளுடையது. முப்பத்தாறு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், நிற்காத வாய். ஆவுடையை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

வேலை இதுதான். எங்கோ தெற்குத் தேசத்தில் பரப்பி வைத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கிகள் வானத்திலிருந்து பிடித்த படங்கள் திரைக்கு வரும். ஒவ்வொரு படத்திலும் ஒரு விண்மீன் மண்டலம். பெண்கள் அதை ‘தட்டு’ என்றார்கள். பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும், சாய்த்து வைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி. அதன்மேல் நடுவிலிருந்து விளிம்புவரை ஒன்பது வளையங்கள் வரைய வேண்டும். தட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு ஒடுக்கமாக வளையம் விழ வேண்டும். விளிம்புகள் பல தட்டுகளில் வளைந்து நெளிந்து கிடக்கும். அதைக் கணினியைவிட மனிதக் கண் நன்றாகப் பிடிக்கும் என்றுதான் இத்தனை பெண்கள். வளையம் போட்டு முடித்ததும் மாப்பிள்ளை ஒவ்வொரு வளையத்தின் வேகத்தையும் கணக்கிட்டு ஒரு கோடு போடுவார். கோடு கடைசிவரை மட்டமாகப் போனால் பச்சை விளக்கு. வால் பகுதி கீழே சரிந்தால் சிவப்பு. படம் திரும்பி வரும். மூன்று முறை சிவப்பு வந்தால் இருக்கை எண் சுவரில் உள்ள பலகையில் ஏறும்.

ஆவுடையின் இருபத்தேழாம் எண் முதல் நாளே பலகையில் ஏறியது.

“என்னட்டி, அழுதியா?” என்று சலோமி நாற்காலியோடு நகர்ந்து வந்தாள். “இதுக்குப் போயா? இங்க பாரு. கடைசி மூணு வளையத்தையும் கொஞ்சம் விரி. இன்னும் கொஞ்சம். மேல இருந்து பாக்க மாதிரி வட்டமா ஆக்கு. பாத்தியா? மாப்பிள்ளை தலையாட்டிட்டாரு.”

“படத்துல அப்படி இல்லியேக்கா.”

“இல்லாட்டி என்ன? படிச்சவங்க பாத்துப் பாத்து அந்த விளக்கை வச்சிருக்காங்க. சிவப்பு வந்தா நமக்கு வரையத் தெரியலேன்னு அர்த்தம். நானும் மொத மாசம் ஒன்ன மாதிரிதான் மூக்கைச் சிந்திக்கிட்டுக் கெடந்தேன். இப்ப எல்லாரும் இப்படித்தான் விரிக்கோம்.”

அப்படித்தான் விரித்தார்கள். ஏமாற்றும் எண்ணம் அவர்களில் ஒருத்திக்கும் கிடையாது. தன் கண்ணுக்கும் விளக்குக்கும் சண்டை வந்தபோது ஒவ்வொருத்தியும் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். தப்பைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு ஆறு வருஷம், லட்சக்கணக்கான தட்டுகளின் விளிம்பை விரித்தார்கள். பழகிய கைகள் பிறகு சிவப்புக்குக் காத்திருக்கவும் இல்லை.

ஆவுடையும் விரித்தாள். ஆனால் அந்தத் தட்டைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டதுபோல் அவளுக்கு ஒரு உறுத்தல். அதனால் முதலில் வரைந்ததன் அளவை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். ஏற்கெனவே அவளுக்கு நோட்டுப் பழக்கம் உண்டு. வாயால் சொல்ல முடியாததை எல்லாம் கட்டம் போட்ட நோட்டில் எழுதி, சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்துக்கொள்வாள், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அடுத்த வருஷம் அவளைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதன்பின் மற்றவர்களின் முதல் வளையமும் கடைசி வளையமும் அவள் திரைக்கு வந்தன. அவள் சரி என்றதும் முதல் வளையம் பெட்டியிலிருந்து அழிந்துவிடும். அவற்றையும் எழுதினாள். தட்டின் எண், முதல் வளையம், கடைசி வளையம். ஒரு வரிக்கு நான்கு கட்டம் என்பதால் கடைசியில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. அதில் வரைந்தவளின் இருக்கை எண்ணைப் போட்டாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்று வருஷத்தில் நான்கு நோட்டுகள் நிறைந்தன.

இதெல்லாம் தெரியாமல்தான் டாக்டர் வசுமதி வந்திருந்தார். நிறுவனத்தின் தலைமை இடத்தில் வேலை. வயது நாற்பதுக்குள். குழாயடியில் கேட்டதற்கு மறுநாள், மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் கலைந்ததும் ஆவுடையைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்.

“விளிம்புல இருக்கிறதெல்லாம் ரொம்ப வேகமாச் சுத்துதுன்னு நம்ம அட்டவணை சொல்லுது. கண்ணுக்குத் தெரியற நட்சத்திரமும் வாயுவும் இழுக்கிற இழுப்பு அந்த வேகத்துக்குப் போதாது. பிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். போகலை. அப்படின்னா, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு கூடச் சேர்ந்து இழுக்குது. அதுதான் கரும்பொருள்.”

“அதைப் பிடிக்கத்தான பொத்தையைக் குடையுதாங்க.”

“ஆமா.”

ஊருக்கு மேற்கே இருந்த பாறைக்குன்றைக் குடைந்து கரும்பொருளைப் பிடிக்கும் கருவி வைக்கும் வேலை இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. சலோமியின் கணவன் அங்கே லாரி ஓட்டினான். பெண்கள் அளந்தார்கள், ஆண்கள் குடைந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருளால் ஊர் பிழைத்துக்கொண்டிருந்தது.

“என் சந்தேகம் வேற,” என்றார் வசுமதி. “அந்த வேகம் நிஜம்தானா? போன மாசம் பத்து கேலக்ஸியை நானே உக்காந்து வரைஞ்சேன். எனக்கு மட்டும் கோடு சரியுது.”

ஆவுடை ஈரம் காயாத ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

“வளையத்தை விரிச்சா பெட்டி ஏமாந்துரும் மேடம். இந்தா, தட்டைச் செங்குத்தா நிறுத்திப் பக்கவாட்டுல பாத்தா, அது சுத்துற வேகம் முழுசும் நம்ம பக்கம் வாரதும் போறதுமாத் தெரியும். மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒரே இடத்துல சுத்தும். நாங்க வட்டமா வரைஞ்சோம்னா, ‘ஓகோ, இவங்க மேல இருந்து பாக்காங்க, இவங்களுக்குத் தெரியிறது கொஞ்சம்தான், நெச வேகம் இதைவிடக் கூட’ன்னு பெட்டி தானாக் கூட்டிப் போட்டுக்கிடும்.”

“இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தா?”

“யாருமில்ல. விரிச்சு விரிச்சுப் பாத்தேன்.”

வசுமதி அந்தத் தட்டை வாங்கித் தானும் சாய்த்துப் பார்த்தார். பிறகு நோட்டைக் கேட்டார். ஆவுடை சாப்பாட்டுப் பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

“கடைசிக் கட்டத்துல எல்லாரோட நம்பரும் இருக்கு மேடம். அது வெளிய வந்துராதே?”

“வராது. அந்தக் கட்டத்தை மட்டும் நானே வெட்டி எடுத்துடறேன். போதுமா? என் வார்த்தை.”

நான்கு நோட்டுகளும் கை மாறின. கூடத்துக்குத் திரும்பியதும் சலோமி விடவில்லை.

“டாக்டரம்மா ஒங்கிட்ட மட்டும் என்னட்டி குசுகுசுன்னு?”

“நோட்டு கேட்டாங்கக்கா.”

“என்ன நோட்டு?”

“கோலம் நோட்டு.”

சலோமி கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். “வானத்தை அளக்குத அம்மாவுக்கு வாசல்ல புள்ளி வைக்கத் தெரியலியாக்கும்!”

சலோமியிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் அவளைத் தொந்தரவு செய்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம் வசுமதி போன் செய்தார். குரலில் மூச்சு வாங்கியது.

“ஆவுடை, சரியுது! உன் நோட்டுல பிழையில்லாம முழு அளவும் இருக்கிறது முன்னூத்து நாப்பது. அதுல முன்னூத்துப் பன்னிரண்டுல கோடு கீழ வருது. இன்னொண்ணு கேளு. எங்க ப்ரோக்ராம்ல சுலபத்துக்காக கேலக்ஸியை உருண்டையா நினைச்சுக் கணக்குப் போட்டிருக்கோம். உருண்டைன்னா மொத்த எடையும் நடுவுல இருக்குன்னு வெச்சுக்கலாம். தட்டுன்னா அப்படி வெச்சுக்க முடியாது. விளிம்புக்கு உள்பக்கம் பக்கத்துலயே இருக்கிறதும் சேர்ந்து இழுக்கும். அதைச் சரியாப் போட்டா, இருக்க வேண்டிய வேகம் கொஞ்சம் மேல ஏறுது. உன் வளையத்தால, அளந்த வேகம் கீழ இறங்குது. ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்குது!”

“அப்படின்னா?”

“பழைய நியூட்டன் கணக்கே போதும். கண்ணுக்குத் தெரியறது போதும். கரும்பொருள் வேண்டாம்.”

ஆவுடை எழுந்து நின்றுவிட்டாள். பாட்டரி தீர்ந்துகொண்டிருந்த போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவ்வளவு பெரிய வானத்தில் ஒளித்து வைத்தது எதுவும் இல்லை, தெரிவதுதான் இருப்பது. பிறகுதான் அது தோன்றியது.

“மேடம், சரிஞ்சா சிவப்பு, மட்டமாப் போனா பச்சைன்னு யாரு மேடம் வச்சது?”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“அது ரொம்பப் பழசு. ஒரு குழு சேர்ந்து வெச்சது,” என்றார் வசுமதி.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அறிக்கை வந்தது. தணிகாசலம் என்ற அதிகாரி அதைப் பலகையில் ஒட்டிவிட்டு, கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்து வாசித்தார். முறையான கல்வியும் பயிற்சியும் இல்லாத பணியாளர்கள், தங்கள் வேலையைச் சுலபமாக்கிக்கொள்ள, ஆறு ஆண்டுகளாகத் தரவைத் திரித்து வந்திருக்கிறார்கள். ஆதாரம் இணைப்பில். இணைப்பு என்பது ஆவுடையின் நோட்டுப் பக்கங்களின் படம். நான்காவது கட்டம் வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. கீழே அட்டவணை: எந்த இருக்கை எத்தனை முறை விரித்தது என்று. ஒன்பதாம் இருக்கை, வேகமாக வேலை செய்பவள் என்பதால், எல்லோருக்கும் மேலே நின்றது. பச்சை விளக்கைப் பற்றி முப்பது பக்கத்தில் ஒரு வரி இல்லை. எழுதியவர்: முனைவர் வசுமதி.

எழுத்து யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கை கழுவும் இடத்தில் ‘தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கவும்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டவள் ஆவுடை. அந்தக் கையெழுத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை எல்லோரும் பார்க்கிறார்கள். நாற்பத்திரண்டு தலைகளும் திரும்பின.

“கோலம் நோட்டுன்னியேட்டி,” என்றாள் சலோமி. அவ்வளவு மெதுவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

ஆவுடை மண்டபத்துக்குப் பின்னால் போய், பெரிய அண்டாக்கள் கவிழ்த்து வைத்திருந்த இடத்தில் நின்றுகொண்டு வசுமதிக்குப் போன் போட்டாள். ஐந்தாவது முறை எடுத்தார்.

“கட்டத்தை வெட்டிருவேன்னு சொன்னீங்களே மேடம்.”

“யார் விரிச்சாங்கன்னு இல்லாம அந்த நோட்டை யாரும் ஏத்துக்க மாட்டாங்க ஆவுடை. அறிவியல்னா அப்படித்தான். பேர் போடலை பாத்தியா? நம்பர்தான்.”

“விளக்கு சொல்லித்தான விரிச்சோம். அதை ஏன் எழுதல?”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அந்த விளக்கு என்னோட ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நான் எழுதினது. இருபத்தாறு வயசு எனக்கு. மட்டமாப் போற கோடுதான் சரியான கோடுன்னு அப்ப எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பினேன். இப்ப அதைச் சொன்னா, அதுக்கப்புறம் நான் எழுதின ஒவ்வொண்ணும் போயிடும். யாராவது ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்கணும், ஆவுடை.”

“அது நாங்களா?”

வசுமதி போனை வைத்துவிட்டார்.

அறிக்கையை நிறுவனமும் விரும்பவில்லை என்பது மறுநாளே தெரிந்தது. அளந்த வேகமே தப்பென்றால், கரும்பொருளை நம்பிப் பாதி குடைந்த பொத்தையை என்ன செய்வது? வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை வேலை கிடையாது என்றார்கள். வியாழக்கிழமை காலை சலோமி ஆவுடை வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. முருங்கை மரத்தடியிலேயே நின்றாள்.

“அந்தத் தணிகாசலம் சார் சொல்லிட்டாரு. நோட்டெல்லாம் விளையாட்டுக்கு எழுதுனதுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அறிக்கையைத் திருப்பி வாங்கிருவாங்க. திங்கக்கிழமை மண்டபம் தொறந்துரும். பொத்தை வேலையும் நிக்காது.”

“அந்தத் தட்டெல்லாம் நெசம்க்கா. நாம மொதல்ல வரைஞ்சதுதான் சரி. நீங்க வரைஞ்சதும் சரி. ஒங்க கண்ணு தப்பே பண்ணல.”

“நெசமாவே இருந்துட்டுப் போட்டும். அது எம்புட்டுத் தூரத்துல கெடக்கு? மூணு வருசமா ஒனக்கு அஞ்சடி தள்ளி நான் இருக்கேன்.” சலோமி குரலை அதட்டலாக மாற்றிக்கொண்டாள். “என்னைத் திருடின்னு போட்டிருக்காவ, ஆவுடை. நேத்து சர்ச்சுல ஜெபத்துக்கு என் மவ கூட யாரும் உக்காரல. விளையாட்டுக்கு எழுதுனேன்னு சொல்லிரு.”

ஆவுடை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் சலோமி தெருமுனை திரும்புவதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். அன்று பகல் முழுக்க, துணி துவைக்கும்போதும் அரிசி களையும்போதும், அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்தாள். ‘விளையாட்டுக்கு எழுதினேன் சார்.’ நாக்கு தடுமாறாமல் வரும்வரை சொன்னாள். முன்னூற்று நாற்பது தட்டுகளும் பொய்யாகப் போகட்டும். அவை யாரிடமும் வந்து அழப்போவதில்லை.

விசாரணை மணமகள் அறையில் நடந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் ஓரங்களில் எப்போதோ ஒட்டிய பொட்டுகள் இன்னும் இருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் தணிகாசலம், பக்கத்தில் வசுமதி. இந்தப் பக்கம் சலோமி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் காலையிலேயே வாக்குமூலம் வாங்கியாகிவிட்டது.

“உக்காரும்மா,” என்றார் தணிகாசலம். “உங்க விஷயமா இவங்க சொன்னதை வாசிக்கேன். சரியான்னு சொல்லுங்க, அப்புறம் நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லலாம்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். “இருபத்தேழாம் இருக்கை ஆவுடைச்செல்வி என்பவர் புத்தி வளர்ச்சி சற்றுக் குறைந்தவர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றுவிட்டார். பிறருடன் பேசமாட்டார். தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நோட்டில் எண்களைக் கிறுக்குவது அவர் வழக்கம். அவற்றுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. பரிதாபப்பட்டே நான் அவரை இந்த வேலையில் சேர்த்துவிட்டேன்.”

அடுத்த பக்கத்துக்குப் போகாமல் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். “சரிதானே?”

ஆவுடை சலோமியைப் பார்த்தாள். சலோமி சேலைத் தலைப்பில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலும் ஒரு சலோமி இருந்தாள், அவளும் நிமிரவில்லை. மூன்று வருஷம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் குழம்பில் பாதியை ஆவுடையின் தட்டில் ஊற்றியவள் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தது இதுதானா? பரிதாபமா? வசுமதி ஏமாற்றியபோது வந்தது கோபம். இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. நேற்றெல்லாம் சொல்லிப் பழகிய சொற்கள் நெஞ்சிலிருந்து கழன்று எங்கோ போய்விட்டன.

“சரியில்ல சார்,” என்றாள் ஆவுடை. அவள் குரல் அந்த அறையில் அவளுக்கே புதிதாகக் கேட்டது. “எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. நோட்டுல இருக்கது அத்தனையும் நெசம். மொத வளையமும் நெசம், விரிச்ச வளையமும் நெசம், நம்பரும் நெசம். இந்தா இருக்காங்களே, ஒன்பதாம் நம்பர், இவங்கதான் எனக்கு விரிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. எல்லாருக்கும் இவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. விரிச்சாத்தான் விளக்கு பச்சையாகும். அந்த விளக்கை வச்சது இந்த மேடம். போன்ல அவங்களே சொன்னாங்க.”

தணிகாசலத்தின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நம்பர் வரைக்கும் ஓடியது. விளக்கு என்றதும் நின்றது. அவர் வசுமதியைப் பார்த்தார். வசுமதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அது தொழில்நுட்ப விஷயம். இந்த விசாரணையில வராது,” என்றார் தணிகாசலம், பேனாவை மூடியபடி. “சரி. அப்போ அறிக்கை நிக்கும். இந்த மண்டபம் இன்னியோட மூடறோம். வேலை வேற ஊருக்கு மாறும். படிச்ச பெண்களா எடுக்கச் சொல்லியிருக்கு. மேடம்தான் பொறுப்பு.”

“அந்த முன்னூத்து நாப்பது தட்டு?” என்று கேட்டாள் ஆவுடை.

“அதுவும் இதே ஆளுங்க வரைஞ்சதுதானேம்மா? இவங்க கைன்னு ஆனப்புறம் எதைன்னு நம்பறது? மொத்தமாத் தள்ளியாச்சு. புதுசா அளந்து வரட்டும், அதுவரைக்கும் பொத்தை வேலை பாட்டுக்கு நடக்கும்.”

“புது இடத்துல விளக்கு இருக்குமா?”

அதற்கு வசுமதிதான் பதில் சொன்னார், மேசையைப் பார்த்துக்கொண்டு. “மென்பொருள் அதேதான்.”

பிறகு கையெழுத்து வாங்கும் வேலை. வாக்குமூலத்தில் பெயர் வரும் ஆள் அதை வாசித்ததாக ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட வேண்டும். தணிகாசலம் சலோமியின் தாள்களை ஆவுடை பக்கம் தள்ளினார். முதல் பக்கத்தில் அவர் வாசித்தது இருந்தது. போட்டாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே நான்கே வரி.

‘ஆகவே அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் பேச்சை வைத்து அவரைத் தண்டிக்க முடியாதபடி மேலே உள்ளதை எழுதியிருக்கிறேன். வளையத்தை விரிக்க எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது நான்தான். தப்பு என்று ஏதாவது இருந்தால் அது ஒன்பதாம் இருக்கையோடு நிற்கட்டும்.’

அதற்குக் கீழே சலோமியின் கையெழுத்து, முழுப் பெயரோடு. பக்கத்தில் காலி இடம், ஆவுடைக்காக.

“இதை ஏன் சார் வாசிக்கல?”

“சுருக்கமாத்தான் வாசிக்கணும்மா. முழுசும் வாசிச்சா பொழுது போயிரும். போடுங்க.”

அவள் போட்டாள். கட்டத்துக்குள் அடங்காமல் பெயர் கோணலாக விழுந்தது. நிமிர்ந்தபோது சலோமியின் நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே தூறல். முன்வாசல் படியில் பெண்கள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். விஷயம் அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. ஆவுடை வந்ததும் வழி விட்டு விலகினார்கள், மேலே பட்டுவிடக் கூடாது என்பதுபோல. சலோமி தன் நாற்காலிக்கு அவளே தைத்துப் போட்டிருந்த மெத்தையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். மெத்தை பெரியது, பை சிறியது.

“அக்கா,” என்றாள் ஆவுடை. “ரெண்டாம் பக்கத்தை இப்பத்தான் பாத்தேன்.”

சலோமி மெத்தையை மடித்து மறுபடி திணித்தாள்.

“அக்கா, நான் விளையாட்டுன்னு சொல்லத்தான் வந்தேன். நெசமாவே அதுக்குத்தான் வந்தேன். அவரு வாசிச்சதும் எனக்கு... ஒரு வார்த்தை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாக்கா. ஏட்டி, இப்படி எழுதியிருக்கேன்னு. திட்டுங்கக்கா. ஏதாவது சொல்லுங்க.”

பை ஒரு பக்கம் கிழிந்தது. சலோமி கிழிந்த பக்கத்தைக் கையால் பொத்தி, மெத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். ஆவுடையின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். புதிதாக வந்த ஒரு படத்தை, எங்கே நடு, எங்கே விளிம்பு என்று பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள். பிறகு தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தூறலில் இறங்கி, பஸ் நிற்கும் பக்கம் நடந்து போனாள்.